மலையடிவாரத்தில் ஒரு கோடு

விழுப்புரம் ஜங்ஷனில் என் செருப்பு வார் அறுந்த அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. சித்திரை மாதத்து நடுப்பகல். திண்டிவனம் வழியாகப் போகும் பாசஞ்சர் கிளம்பத் தயாராக நின்றது. அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேம்பாலத்துப் படி சுட்டது. கூரை நிழலில் சிமெண்டுத் தரை இதமாக இருந்தது. நிழல் முடிந்த இடத்தில் அதே சிமெண்டு தோசைக்கல்லாகிவிட்டது. குடிதண்ணீர்க் குழாயைச் சுற்றிச் சிந்தியிருந்த ஈரத்தில் உயிர் வந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி நெருப்பு. ஒரு நடைமேடை நீளத்துக்குள் என் உள்ளங்கால் ஆறேழு விதமான சூட்டை வாசித்துவிட்டது.

பெட்டியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, காலையில் கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டு அறிவியல் பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. வானிலைச் செயற்கைக்கோள்கள் மேகத்தை மட்டும் பார்ப்பதில்லை, தரையின் சூட்டையும் பார்க்கின்றன. பெரிய நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்னால் அந்த நிலத்தின் மேல் தரையும் காற்றும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகின்றன என்கிறார்கள் சிலர். பூமிக்குள் பிளவு ஓடும் வழியிலேயே மேகமும் நேர்கோடாக நிற்பது உண்டாம். பாறை நெரிபடும்போது உள்ளிருந்து வாயு கசிவதால் இருக்கலாம் என்று ஓர் ஊகம். வேறு சிலர் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார்கள். காலையில் படித்தபோது அது வெறும் செய்தி. பாதம் வெந்தபோதுதான் அதற்கு உடம்பு வந்தது. நான் இந்த நடைமேடையில் நடந்தது போல ஒரு கண் இந்தியா முழுவதும் வெறுங்காலோடு நடந்து போகிறது. எங்கே நிழல், எங்கே ஈரம், எங்கே கொதிப்பு என்று அதற்குத் தெரிகிறது. அந்தப் படத்தை அது பூட்டி வைத்துக்கொள்வதும் இல்லை. பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று ரேடியோ அலையாகக் கொட்டிக்கொண்டே போகிறது.

நான் ஏன் பிடிக்கக் கூடாது? மயிலம் ஸ்டேஷன் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

நான் விழுப்புரத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடிக்கிற நேரம் அது. வீடு திண்டிவனத்தின் ஓரத்தில். மொட்டை மாடியில் நின்றால் மூன்று பக்கமும் வயல், கிணறு, மோட்டார் கொட்டகை. மறுநாள் வகுப்பில் என் கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரி. அவள் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் வேலையில் இருக்கிறார். அங்கே ஐந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய அவள் அண்ணன் ஊரில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

"உனக்கு வேற வேலையே இல்லியா? ரெக்கார்டு எழுதி முடிச்சிட்டியா நீ?" என்றாள்.

"அத வுடு. உங்கண்ணன் கடையில கெட்டுப்போன டி.வி. இருக்கா?"

"எதுக்கு?"

"அதோட டியூனரக் கழட்டணும்."

"அவன் மொதல்ல என்னக் கழட்டுவான்."

அண்ணன் கழட்டவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, ஊர்ல இருக்கிறவன்லாம் சிலோன் டி.வி. தெரியணும்னு ஆன்டெனாவத் திருப்பிக்கினு கெடக்குறான். நீ ஆகாசத்துக்கே திருப்பணும்ன்றே. பேஜாரு புடிச்ச வேல" என்றார். சொல்லிக்கொண்டே அலையைப் பிடிக்கும் பாகமான அந்த டியூனரைப் பழைய டி.வி. ஒன்றிலிருந்து எடுத்து ஊதித் தூசி தட்டினார். அதன் சுருளில் எத்தனை சுற்றைப் பிரிப்பது என்று நானும் அவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டோம். பதிவு செய்ய, அத்தா அனுப்பியிருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைக் கூட்டாளி வீட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அலுமினியக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மூங்கிலில் ஏற்றி, எங்கள் மொட்டை மாடியில் நிறுத்தினேன். அம்மா ஏறி வந்து பார்த்தாள். "நல்லதா போச்சு, துணி காயப்போட கொடி இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். மறுநாளே அதில் ஒரு பாவாடை தொங்கியது.

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணமாகி மூன்று வருடமாகிறது, மாமா ராணுவத்தில். வடகிழக்கு மூலையில், இமயமலை அடிவாரத்தில் ஒரு முகாமில் இருக்கிறார். குடும்பத்தோடு தங்க வீடு கேட்டு எழுதிப் போட்டுக் காத்துக் காத்து, இந்த வைகாசியில்தான் கிடைத்திருந்தது. சொன்ன தேதிக்குள் குடும்பம் போய்ச் சேராவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பவும் வரிசையின் கடைசியிலிருந்து நிற்க வேண்டும். குழந்தையை மாமா ஒரே ஒரு லீவில் பார்த்ததோடு சரி. அக்காவுக்கும் குழந்தைக்கும் மெட்ராசிலிருந்து ரயிலில் இடம் பதிவாகியிருந்தது. அழைத்துப் போக மாமாவின் சிநேகிதர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு மட்டும் அனுப்ப மனசே இல்லை. அங்கே பூமி அடிக்கடி ஆடும் என்று மாமாவே முன்பு விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். படுத்திருந்த கட்டில் நடந்து போய்ச் சுவரில் இடித்ததாம்.

முதல் முறை அந்தச் சத்தம் கேட்டபோது அக்கா மாடியில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, காயவைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. மதியம் இரண்டரை மணி வாக்கில், வெறும் இரைச்சலாக இருந்த ஸ்பீக்கரில் அடியிலிருந்து ஏதோ எழுந்தது. டிக்-டொக், டிக்-டொக். நடுவில் மெல்லிய விசில். தூரத்தில் யாரோ குதிரை ஓட்டி வருவது போல வளர்ந்து, இரைச்சலையெல்லாம் துடைத்துத் தள்ளிவிட்டுத் தெளிந்து நின்றது.

"இன்னாடி இது, கடியாரமா?"

"இல்லக்கா, படம். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வரி. வரி வரியா நம்மள பாத்துக்கினே போவுது. இப்ப இலங்கை மேல இருக்குது."

"இப்ப?"

"இப்ப நம்ம நேருக்கு."

அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். குழந்தையின் முகத்தைத் துடைத்து மேலே பார்க்க வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டவெளி. வெறும் நீலம். பருந்துகூட இல்லை. ஆனால் அங்கே ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. இந்த மாடியையும், காய்கிற மல்லாட்டையையும், வங்காள விரிகுடாவையும் ஒரே வரியில் சேர்த்து வாசித்துக்கொண்டு போகிறது. சத்தம் வடக்கே மெலிந்து மெலிந்து இரைச்சலுக்குள் இறங்கி மறைந்த பிறகும் நாங்கள் மூவரும் அண்ணாந்தபடியே நின்றோம்.

சத்தத்தைப் படமாக்கியது விழுப்புரத்தில். துறைத்தலைவர் சனிக்கிழமைகளில் ஆய்வகச் சாவியைக் கொடுத்தார். "எதையாவது புகைய விட்டா சாவி கெடையாது" என்பது மட்டும் நிபந்தனை. மின்னலையைப் புள்ளியாக ஓடவிட்டுக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, அண்ணனின் வளைகுடா கேமராவை எதிரே வைத்து, ஷட்டரைத் திறந்து விட்டுக் கேசட்டை ஓட்டுவோம். பச்சைப் புள்ளி ஒன்று வரி வரியாகக் கீழிருந்து மேலே ஏறும். இருட்டில் கூட்டாளியும் நானும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்போம். புள்ளியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிலிம் மட்டும்தான் எல்லா வரியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ரோலில் மீந்த இடத்தில், மாமாவுக்கு அனுப்பக் குழந்தையைப் படம் பிடித்தோம்.

பிலிமைக் கழுவிய ஸ்டூடியோக்காரர், "கொழந்த நல்லா வந்துக்குது. மிச்சதுல எல்லாம் வெளிச்சம் பூந்து கெட்டுப்போச்சு. பிரிண்ட் போடவா வேணாமாம்மா?" என்று கேட்டார்.

"அந்தக் கெட்டுப்போனதுதாங்க வேணும்."

அதை ஆட்டோகிராப் போலக் கையில் ஏந்திக்கொண்டு ரயிலேறினோம்; அன்றைக்குக் கூட்டாளியும் என் வீட்டுக்கு வந்தாள். வெப்பப் படத்தில் சூடு கறுப்பு, குளிர்ச்சி வெள்ளை. நிலம் வெந்து கறுத்திருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே, பள்ளிக்கூட அட்லஸில் எத்தனையோ தடவை பென்சிலால் ஓட்டிய அதே கரை. யாரும் வரையவில்லை, சூடே வரைந்திருந்தது. இலங்கை ஒரு சொட்டுப் போலத் தனியே தொங்கியது.

"இதோ எங்க ஊரு" என்று கூட்டாளி கரையில் நகத்தை வைத்தாள். பிறகு படத்தின் இடது ஓரத்தைத் தாண்டி, பெஞ்சின் பலகையில் விரலை நகர்த்தினாள். "அத்தா இங்க இருக்காங்க. படத்துக்கு வெளிய."

பாசஞ்சர் விக்கிரவாண்டியில் நின்று, கிளம்பி, பேரணி தாண்டும் வரை அவள் விரல் அங்கேயே இருந்தது.

வாரம் இரண்டு மூன்று படம் சேர்ந்தது. அக்காவின் பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை மாலை, புதிய பிரிண்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழந்தை படங்களைத் தேடிய அக்காதான் முதலில் அந்தப் படத்தை எடுத்தாள். கீழிருந்து இலங்கை, எங்கள் கரை, விரிகுடா, ஒரிசா. எல்லாம் சரியாக இருந்தன. உச்சியில், வடகிழக்கில், மலையடிவாரத்தின் மேல் வெளிறிய கோடு ஒன்று. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு.

"இது இன்னாடி, மேகமா?"

படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நேர்கோடாக நிற்கும் மேகம் என்ற வரி அந்தப் பத்திரிகையிலிருந்து எழுந்து வந்து கண் முன்னால் நின்றது. பயமும், வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷமும் சேர்ந்து வந்தன. நான் பார்த்துவிட்டேனா? உலகத்தில் வேறு யாரும் பார்க்காததை, திண்டிவனத்தில், பாவாடை தொங்கும் ஆன்டெனாவில்?

"அந்த எடம்தானே?" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. என் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். பாதி கேட்டதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "நான் தலபாடா அடிச்சிக்கினேன். இந்தப் பொண்ணு படமே புடிச்சிக் காமிக்குது. கைக்கொழந்தய எடுத்துக்கினு எங்க போறது? ஒண்ணும் வேணாம்."

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பதற்றப்படுகிற ஆள் இல்லை. என்னைப் பார்த்து, "நாளைக்கு சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன். கேன்சல் பண்ணணுமா வேணாமான்னு அதுக்குள்ள நீ சொல்லு. ஊகம்லாம் வேணாம், தெரிஞ்சத சொல்லு" என்றார்.

அக்கா கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். வீடு கைநழுவினால் இன்னும் எத்தனை வருடம் என்று அவள் மனதில் ஓடியது எனக்குக் கேட்டது. ஒரு கோட்டால் அவளை நான் நிறுத்தி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை முதல் வண்டியிலேயே விழுப்புரம் போனேன். கூட்டாளியை வகுப்பிலிருந்து கிளப்பி ஆய்வகத்துக்கு இழுத்துப் போனேன். பிரிண்டையும் நெகட்டிவையும் மேஜையில் வைத்தேன்.

"ஜல்தி சொல்லு, இது மேகமா இல்லியா?"

"என்னக் கேட்டா? உன் வானம், உன் மேகம்" என்றபடி அவள் நெகட்டிவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஏய், பிரிண்டுல இந்த ஓரம் எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். படத்தின் ஓரத்தில் கறுப்பு, சாம்பல், வெள்ளையாகப் படிப்படியாக ஒரு பட்டை இருக்கும். வெளிச்ச அளவைச் சரிபார்ப்பதற்காகச் செயற்கைக்கோளே போட்டு அனுப்புவது. அது அழகாக இல்லை என்று, கல்யாணப் படத்தில் தூணை வெட்டுவது போல, ஸ்டூடியோக்காரர் அதை விட்டுவிட்டு அச்சிட்டிருந்தார். நெகட்டிவை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். கோடு மலையடிவாரத்தில் ஓடியது. மலை முடிந்தும் ஓடியது. படத்தின் எல்லை முடிந்தும் நிற்காமல், ஓரத்துப் பட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பிலிமின் விளிம்பு வரை போயிருந்தது.

அந்தப் பட்டையில் பூமி கிடையாது. வானம் கிடையாது. மேகம் எப்படி அங்கே போகும்?

கேசட்டை ஓட்டினோம். டிக்-டொக் தெளிவாக வந்தது. வடக்கே போகப் போக மெலிந்தது. மெலிந்த இடத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு உறுமல். அதற்குள் நாலைந்து டிக் முங்கிப்போயின. பிறகு பழையபடி.

"அன்னிக்கு மாடியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

யோசித்தேன். எங்கள் பக்கத்தில் மோட்டாருக்கான மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் விடுவார்கள். பத்துப் பதினைந்து நாளாக மதியத்து முறை. கரண்ட் எப்போது வரும் என்று கொட்டகை கொட்டகையாக ஆட்கள் ஸ்டார்ட்டரில் கை வைத்துக் காத்திருப்பார்கள். வந்ததும் ஒருவர் குரல் கொடுக்க, வயல்வெளி முழுவதும் மோட்டார்கள் ஒன்றாக உறுமும். அன்றைக்கும் அந்தக் குரல் கேட்டது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதிய வண்டியில் வீட்டுக்கு ஓடிவந்து அக்காவை மாடிக்குக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் எந்தச் செயற்கைக்கோளும் மேலே இல்லை. ரிசீவரைப் போட்டு, இரைச்சலை மட்டும் வைத்துக்கொண்டு இருவரும் வெயிலில் உட்கார்ந்தோம். குழந்தை மல்லாட்டை ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. நேரம் போனது. கரண்ட் வரவில்லை.

"வந்தா இன்னா, வராட்டி இன்னா?" என்றாள் அக்கா.

"வந்தா சொல்றேன்."

ஏரிக்கரைப் பக்கமிருந்து எங்கள் பங்காளி ஒருவரின் குரல் எழுந்தது: "த்ரீ பேஸ் வந்துடுச்சு, போடுறா." அடுத்த நொடி ஸ்பீக்கர் 'கர்ர்ர்' என்று உறுமியது. கிழக்கே, தெற்கே, கொட்டகை கொட்டகையாக மோட்டார்கள் எழுந்தன. குழாய்களில் தண்ணீர் இருமி இருமி விழுந்தது. ஸ்பீக்கர் அடங்கியது.

"இதாங்க்கா அந்தக் கோடு. மோட்டாருங்க போடும்போது பொறி தெறிக்குதுல்ல, அந்த இரைச்சல் நாலஞ்சு வரிய முழுங்கிடுச்சு."

அக்கா வயலைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது, பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "அடிப்பாவி. பங்காளி மோட்டார் போட்டதுக்கா என் டிக்கெட்ட கேன்சல் பண்ணப் பாத்தீங்க?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "அப்போ அங்க பூமி ஆடாதுன்றியா?"

"அத என்னால சொல்ல முடியாதுக்கா. என் படம் ஒண்ணும் சொல்லலன்னுதான் சொல்ல முடியும்."

"அது போதும். ஒண்ணும் தெரியாததுக்கு நான் பயப்படத் தேவையில்ல. அங்கயும் கொழந்தைங்க வளருது."

அப்பாவிடம் இதையே சொன்னேன். அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அம்மா சாயங்காலம் காப்பியை என் முன்னால் நங்கென்று வைத்தாள்; ராத்திரி, அக்கா வழியில் தின்னப் பொருளங்காய் உருண்டை பிடிக்கக் கூப்பிட்டாள்.

உருண்டை பிடிக்கும்போதுதான் அக்கா கேட்டாள்: "அந்த எடத்துல தர வழக்கமா எவ்ளோ சூடு இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்கு மட்டுமல்ல, என் படங்களுக்கும் தெரியாது. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று தெரிகிறதே தவிர, எந்தச் சாம்பல் எவ்வளவு சூடு என்று சொல்ல அங்கே தரையில் ஆள் இல்லை. விசேஷமான நாளைத் தேடிப் புறப்பட்ட எனக்குச் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்றே தெரிந்திருக்கவில்லை.

"அப்போ நான் போயி அளந்து எழுதறேன். இன்னா வச்சி அளக்கணும்னு மட்டும் காட்டு" என்றாள், மாவு ஒட்டிய கையை உதறிக்கொண்டே.

போன வெள்ளிக்கிழமை அவள் ரயிலேறினாள். டிரங்குப் பெட்டியில் குழந்தையின் துணிகளுக்கு நடுவே இரண்டு தெர்மாமீட்டர்கள்: ஒன்று மண்ணில் விரல் ஆழத்துக்குப் புதைக்க, மற்றொன்று நிழலில் தொங்கவிட. தினமும் மதியம், எனக்கு டிக்-டொக் கேட்கிற அதே வேளையில், அவள் வாசலில் குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்வாள். கோட்டக்குப்பத்தில் அண்ணன் இரண்டாவது டியூனரைப் பிரித்து வைத்திருக்கிறார். கூட்டாளியின் வீட்டு மாடியில் இன்னோர் ஆன்டெனா நிற்கப்போகிறது. அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு. ஒரே வேளையில் அவள் அங்கேயும் நான் இங்கேயும் பதிவு செய்வோம். இரண்டு படத்திலும் இருப்பது வானத்தினுடையது. ஒன்றில் மட்டும் இருந்தால் அது எங்கள் ஊருடையது. ஸ்டூடியோக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது: எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஓரத்தை வெட்டக் கூடாது.

ஒரு வருடம். வெயில், மழை, பனி எல்லாம் ஒரு சுற்று வரட்டும். அந்த அடிவாரம் நிம்மதியாக இருக்கும் நாட்களில் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்கப்போகிறோம். அக்கா சனிக்கிழமை ராத்திரி கல்கத்தா தாண்டியிருப்பாள். செவ்வாய்க்கிழமை மதியம் முதல் அளவு.